சந்தேகத்தின் பலன் யாருக்கு?

குற்றவியல் நீதியில் ஒரு கோட்பாடு உண்டு. குற்றம் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படாத வரையில், சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே உரியது. குற்றமற்ற ஒருவர் தண்டனை பெறுவதைவிடக் குற்றவாளிகள் சிலர் தப்பிச் செல்வதே மேல் என்று சான்றோர் துணிந்ததன் விளைவு அது. மனித மாண்பைப் போற்றும் எவரும் அதைக் குறைகூற மாட்டார். ஆயின், குற்றம் சாட்டப்பட்டு நிற்பது ஒரு மனிதராக இல்லாமல் ஒரு பொருளாக இருந்தால்? அப்பொருள் நோயாளிக்கு நலம் தரக்கூடியதாகவும், அதைச் செய்யும் தொழிலாளிக்குக் கேடு விளைவிக்கக் கூடியதாகவும் ஒருங்கே தோன்றினால்? அப்போது சந்தேகத்தின் பலனை யாருக்கு அளிப்பது? மருத்துவ ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்துவரும் கார்பன் நானோ குழாய் என்னும் நுண்பொருள் இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

பென்சிலின் கரிமுனையை நாம் அனைவரும் அறிவோம். கிராஃபைட் என்னும் அக்கரிப்பொருளில் கார்பன் அணுக்கள் தேன்கூட்டின் அறைகளைப்போல அறுகோணங்களாகப் பிணைந்து, தாள்மேல் தாளாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒரு தாளை மட்டும் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, ஓரங்களை ஒன்றோடொன்று இணைத்ததாகக் கற்பனை செய்தால் அதுவே நானோ குழாய். உண்மையில் எவரும் அவ்வாறு சுருட்டுவதில்லை. மிகுந்த வெப்பத்தில் கார்பன் தானாகவே அவ்வடிவில் வளர்கிறது. ஒற்றைச் சுவர் கொண்ட குழாயின் விட்டம் ஏறத்தாழ 1 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒன்றினுள் ஒன்றாகப் பல குழாய்கள் அமைந்த பலசுவர்க் குழாய்களும் உண்டு. அகலம் இவ்வளவு சிறிதாயினும் நீளம் அதைப்போல் பல்லாயிரம் மடங்காக இருக்கக்கூடும்.

சோவியத் அறிஞர் இருவர் 1952-லேயே இத்தகைய குழாய்களின் படங்களை வெளியிட்டிருந்தனர். எனினும் 1991-இல் ஜப்பானிய அறிஞர் சுமியோ இஜிமா வெளியிட்ட கட்டுரையே உலகின் கவனத்தை இதன்பால் திருப்பியது. அதற்கு நெடுங்காலம் முன்பே மனிதர் தாம் அறியாமல் இதை உண்டாக்கியிருக்கின்றனர். பழைய டமாஸ்கஸ் வாள் ஒன்றின் எஃகில் நானோ குழாய்கள் இருப்பதை 2006-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் அறிவித்தனர். அவ்வகை வாள்களுக்கான உருக்கு இந்தியாவிலிருந்து சென்றது. நம் கீழடியில் கிடைத்த பானை ஓடுகளின் கரும்பூச்சிலும் அவை காணப்படுவதாக வேலூர் ஆய்வாளர்கள் 2020-இல் எழுதினர். இச்செய்தியில் நாம் பெருமை கொள்வது இயல்பே. ஆனால் பானையின் பூச்சில் இறுகிக் கிடக்கும் குழாயினால் நமக்கு அறச்சிக்கல் ஏதும் இல்லை. காற்றில் பறக்கும் குழாயும், குருதியில் செலுத்தப்படும் குழாயுமே சிக்கலை உண்டாக்குகின்றன.

மருத்துவம் இதை ஏன் நாடுகிறது? மூன்று ஆய்வுகளைச் சொன்னால் போதும். நம் உடலின் தசை, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துவிடும். அதை அடுத்துள்ள அகச்சிவப்பு ஒளியையோ ஓரளவு ஊடுருவ விடும். நானோ குழாய் அவ்வொளியை உறிஞ்சிச் சூடேறும் இயல்புடையது. எனவே குழாயைப் புற்றணுவுக்குள் மட்டும் புகுத்திவிட்டு வெளியிலிருந்து ஒளியைப் பாய்ச்சினால், அண்டை அணுவுக்குத் தீங்கின்றிப் புற்றணுவை மட்டும் வெப்பத்தால் அழிக்கலாம். 2005-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹோங்ஜி டாய் குழுவினர் இதை ஆய்வுக்கூடத்தில் வளர்த்த அணுக்களில் செய்து காட்டினர். அடுத்து, 2013-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், உடலினுள் நைட்ரிக் ஆக்சைடின் அளவை ஒளியால் உணர்த்தும் நானோ குழாய் உணரி ஒன்றை எலிகளின் தோலுக்கு அடியில் பதித்தனர். அது 400 நாட்களுக்கு மேல் பழுதின்றி வேலை செய்தது. மூன்றாவது ஆய்வு இதயத்தைப் பற்றியது. மாரடைப்புக்குப்பின் இதயத்தில் தழும்பேறிய இடத்தில் மின்துடிப்பு கடந்து செல்வதில்லை. அதனால் இதயத்தின் தாளம் பிறழ்கிறது. நானோ குழாய்களை நூலாகத் திரித்து அத்தழும்பின் குறுக்கே தைத்தால், துடிப்பு அந்நூல் வழியே மறுகரை சேர்கிறது என்பதை 2019-இல் டெக்சாசில் ரைஸ் பல்கலைக்கழகத்தாரும் இதயநோய் மருத்துவர்களும் செம்மறியாடுகளில் நிறுவினர்.

தையல் நூலே மின்கம்பியாகவும் இருந்து இதயத்தின் அறுந்த வழியை இணைக்கும் என்றால், எந்த மருத்துவர்தான் அதை வேண்டாம் என்பார்? இதயத் தாளம் பிறழ்ந்து நடு இரவில் உயிர்போன ஒருவரின் வீட்டார்க்கு இந்த ஆய்வு வெறும் அறிவியல் செய்தி அன்று. ஆதலால் பின்வரும் பகுதியை நானோ குழாய்மீது தொடுக்கும் வழக்காக வாசகர்கள் கொள்ளலாகாது.

மேற்கூறிய ஆய்வுகளில் ஒன்றை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். 400 நாள் உழைத்த உணரி ஏன் பயனுடையதாயிற்று? அது அழியாமல் இருந்ததால். நூல் ஏன் வலிமையுடையது? அது மெலிதாகவும் நீளமாகவும் அறாமலும் இருப்பதால். மெலிதாய், நீளமாய், அழியாததாய் உள்ள ஓர் இழை மனித நுரையீரலில் என்ன செய்யும் என்பதை உலகம் ஏற்கெனவே ஒருமுறை கண்டிருக்கிறது. அந்த இழையின் பெயர் கல்நார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேயப்பட்ட வீடும் பள்ளியும் பணிமனையும் நம் ஊர்களில் இன்றும் உள்ளன.

நுரையீரலின் காற்றறைகளில் மேக்ரோஃபேஜ் எனப்படும் காவல் அணுக்கள் உலவுகின்றன. தூசியோ கிருமியோ உள்ளே வந்தால் அதை விழுங்கி அப்புறப்படுத்துவது அவற்றின் வேலை. விழுங்க வந்த அணுவைவிட இழை நீளமாக இருந்தால் என்ன ஆகும்? பாதி இழை உள்ளேயும் பாதி வெளியேயுமாக அணு திணறுகிறது. திணறும் அணு, அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைக் கக்குகிறது. இழை அழியாததாகையால் இந்தப் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. இழைகள் நகர்ந்து நகர்ந்து நுரையீரலைப் போர்த்திய சவ்வை அடைகின்றன. அங்கே தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய், தூசியைச் சுவாசித்து இருபது, முப்பது, சில வேளைகளில் நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே தலைகாட்டுகிறது.

2008-இல் எடின்பரோவின் கென் டொனால்ட்சன் குழுவினர் நானோ குழாய்களை எலிகளின் வயிற்றுக் குழியினுள் செலுத்திப் பார்த்தனர். நீளமான, விறைப்பான குழாய்கள் கல்நாரைப் போலவே அழற்சியை உண்டாக்கின. குட்டையானவையும் நூற்கண்டாய்ச் சுருண்டவையும் அவ்வாறு செய்யவில்லை. அதே ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள், புற்றுநோய்க்கு எளிதில் ஆளாகும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகளில் ஒருவகைப் பலசுவர்க் குழாய் மீசோதீலியோமாவைத் தோற்றுவித்ததை அறிவித்தனர். வயிற்றில் ஊசியால் செலுத்துவது வேறு, மூக்கால் சுவாசிப்பது வேறு; எலி வேறு, மனிதர் வேறு. இவற்றை மறந்து அச்சம் பரப்புவது அறிவுடைமை ஆகாது. மறுபுறம் நம்பிக்கை தரும் செய்தியும் வந்தது. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுவில் உள்ள நொதி ஒன்று ஒற்றைச் சுவர் நானோ குழாயைச் சிதைக்க வல்லது என 2010-இல் கண்டறிந்தனர். அழியாதது என்று கருதப்பட்டதை நம் உடல் மெல்ல அரிக்கக் கூடும்.

நோய் பற்றிய அறிவைவிட, அந்த அறிவை மனிதர் எப்படிக் கையாண்டனர் என்பதே கல்நாரின் வரலாற்றில் நமக்கு மிகுதியான பாடம் தருகிறது. 1898-இல் இங்கிலாந்தின் முதல் பெண் தொழிற்சாலை ஆய்வாளர்களுள் ஒருவரான லூசி டீன், கல்நார்த் தூசியின் தீமையைத் தம் அறிக்கையில் எழுதினார். உருப்பெருக்கியில் அத்தூசியின் கண்ணாடிச் சில்லு போன்ற கூர்மை தெரிந்தது. அறிக்கை அச்சாயிற்று, ஆலைகள் ஓடின. 1924-இல் ராச்டேல் நகரில் கல்நார் நூற்பாலைத் தொழிலாளியான நெல்லி கெர்ஷா தம் 33-ஆம் வயதில் நுரையீரல் இறுகி மாண்டார். அவர் வேலை செய்த நிறுவனம் பொறுப்பேற்க மறுத்தது. மருத்துவர் குக் அவரது நுரையீரலில் இருந்த கல்நார்த் துகள்களைக் கண்டு மருத்துவ இதழில் எழுதினார். 1931-இல்தான் அந்நாட்டில் தூசிக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 1960-இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் அவர்தம் உடன்பணியாளரும் 33 மீசோதீலியோமா நோயாளிகளைப் பற்றி வெளியிட்டனர். அவர்களுள் சுரங்கத்தில் வேலையே செய்யாமல் அதன் அருகில் வாழ்ந்தவர்களும் இருந்தனர். எல்லா வகைக் கல்நாருக்கும் இங்கிலாந்து தடை விதித்தது 1999-இல். லூசி டீன் எழுதியதிலிருந்து எண்ணினால் 101 ஆண்டுகள்.

இந்த 101 ஆண்டுகளும் 'இன்னும் உறுதியாகத் தெரியவில்லை' என்னும் சொல் ஆலை முதலாளிகளுக்குக் குடையாக நின்றது. சந்தேகத்தின் பலன் முழுவதும் பொருளுக்கே அளிக்கப்பட்டது. அறநூலார் அறியாமையை இரண்டாகப் பிரிப்பர்: எவ்வளவு முயன்றாலும் நீக்க முடியாத அறியாமை ஒன்று, முயன்றால் நீக்கியிருக்கக் கூடியது, ஆனால் நீக்க விரும்பாமல் விட்ட அறியாமை மற்றொன்று. முன்னதில் குற்றம் இல்லை. பின்னதில் உண்டு. 1898-க்கு முன்பு கல்நாரைக் கையாண்டவர்களை முன்னதில் சேர்க்கலாம். 1930-களுக்குப் பிறகும் தெரியாது என்றவர்களை எதில் சேர்ப்பது என்பதை வாசகரின் மனச்சான்றுக்கே விட்டுவிடுகிறோம்.

நானோ குழாயைப் பொறுத்தவரை நாம் இப்போது எங்கே நிற்கிறோம்? உலக நல நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-இல் இதை ஆராய்ந்தது. எம்.டபிள்யூ.சி.என்.டி.-7 என்னும் குறியீடு கொண்ட ஒரேயொரு பலசுவர் வகையை மட்டும் 'மனிதரில் புற்றுநோய் உண்டாக்கக் கூடும்' என்னும் 2பி பிரிவில் வைத்தது. ஏனைய பலசுவர் வகைகளையும் ஒற்றைச் சுவர் வகையையும் 3-ஆம் பிரிவில் வைத்தது. 3-ஆம் பிரிவு என்றால் என்ன? வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்பதே அதன் பொருள். இதைத் 'தீங்கற்றது என அறிவிக்கப்பட்டது' என்று படிப்பவர் பலர். தேர்வே எழுதாத மாணவனைத் தேர்ச்சி பெற்றவன் என்று அறிவிப்பது போன்றது இது.

மற்றொரு செய்தி நம்மை மேலும் சிந்திக்க வைக்கிறது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் நலத்திற்கான தேசிய ஆய்வு நிறுவனம் 2013-இல் ஒரு வரம்பைப் பரிந்துரைத்தது: பணியிடத்தில் எட்டு மணிநேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராமுக்கு மேல் நானோ குழாய் இருத்தலாகாது. இந்த 1 என்னும் எண் எங்கிருந்து வந்தது? அதற்குக் கீழே தீங்கில்லை என்பதால் வந்ததன்று. அப்போதிருந்த முறையால் நம்பகமாக அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு அதுவே. அந்த அளவிலும் ஓரளவு ஆபத்து எஞ்சியிருக்கலாம் என்று அந்நிறுவனமே நேர்மையுடன் எழுதியது. ஆக, கருவியின் பார்வை எவ்வளவு தூரமோ, நம் காவலும் அவ்வளவு தூரம்தான். அந்நேர்மையை நாம் பாராட்டுகிறோம். இவ்வெண் ஓர் ஆலையின் சுவரில் ஒட்டப்படும்போது அந்த அடிக்குறிப்பும் உடன் ஒட்டப்படுமா என்பதே நம் கவலை.

2019-இன் இறுதியில் ஒரு வழக்கு மூண்டது. சுவீடனைச் சேர்ந்த கெம்செக் என்னும் தன்னார்வ அமைப்பு, மாற்றுப்பொருள் கண்டு கைவிடத்தக்க வேதிப்பொருள்களைப் பட்டியலிட்டு வருகிறது. அப்பட்டியலில் கார்பன் நானோ குழாயையும் சேர்த்தது. 2020-இல் அறிவியலாளர் பலர் ஒன்றுகூடி அறிவியல் இதழ் வழியாக மறுத்தனர். அவர்கள் வாதத்தில் வலு இருக்கிறது. நானோ குழாய் என்பது ஒரே பொருளின் பெயர் அன்று. நீளம், விறைப்பு, சுவர் எண்ணிக்கை, மேற்பூச்சு, தூய்மை ஆகியவற்றால் வேறுபடும் எண்ணற்ற பொருள்களுக்கு இட்ட பொதுப்பெயர். ஒன்றின் குற்றத்திற்காகக் குடும்பம் முழுவதையும் ஊரைவிட்டு விலக்குவது நீதியன்று. புற்றுநோயை முன்கூட்டியே அறியும் உணரி இக்குடும்பத்திலிருந்தே பிறக்கலாம்.

ஆயினும் அவ்வாதத்தில் ஒரு வழுக்கல் உண்டு என்பது நம் கருத்து. வகைக்கு வகை வேறுபாடு உண்டென்றால், ஒரு வகை தீங்கற்றது என்று காட்டும் பொறுப்பு அதைச் செய்பவரைச் சேரும். தீயவை என மெய்ப்பிக்கப்பட்டவை நீங்க மற்றவை எல்லாம் நல்லவை என்று கொள்வதற்கு அவ்வேறுபாடு இடந்தராது. 1992-இல் ரியோ மாநாடு அறிவித்த முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டின் சாரமும் இதற்கு அண்மையதே. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடல், நானோ தொழில்நுட்பத்தை மானிடப் படைப்பாற்றலின் பேறுகளுள் ஒன்றாக மகிழ்வுடன் குறிப்பிடுகிறது. அதே மடல், கடுமையான, மீளவியலாத தீங்கு நேரக்கூடும் என்று அறிகுறி தென்படும் இடத்தில் மெய்ப்பிக்கும் சுமை இடம்மாறுகிறது என்பதையும், தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத எளியோரை முன்னிட்டே அவ்வாறு மாறுகிறது என்பதையும் வலியுறுத்துகிறது.

இங்கே ஓர் எதிர்வாதத்தை நாம் தட்டிக் கழிக்கலாகாது. காத்திருப்பதும் ஒரு செயலே. காத்திருக்கும் காலத்தில் நோயாளி இறந்தால், அந்தச் சாவும் நம் கணக்கில் சேரும். நாற்பது ஆண்டு கழித்து வரக்கூடிய, வராமலும் போகக்கூடிய ஒரு நோய்க்கு அஞ்சி, இன்று கண்முன் துடிக்கும் உயிருக்கு மருந்தை மறுப்பது அறமா? அறுபது வயதில் முற்றிய புற்றுநோயுடன் இருப்பவருக்கு நாற்பது ஆண்டுக்குப் பின் என்பது பொருளற்ற சொல். அவர் முழுவதும் விளக்கக் கேட்டு, தெளிந்த உள்ளத்துடன் சம்மதித்தால், அந்த ஆபத்தை ஏற்கும் உரிமை அவருக்கு உண்டு. அவரிடமிருந்து அதைப் பறிப்பது இரக்கத்தின் பெயரால் செய்யும் ஆதிக்கம்.

எனவே சந்தேகம் ஒன்றுதான் என்றாலும், அதை எதிர்கொள்பவர் இருவர். நோயாளியிடம் சம்மதம் கேட்கப்படுகிறது, கையொப்பம் பெறப்படுகிறது, ஆபத்தை ஏற்பவரும் நலம் பெறுபவரும் ஒருவரே. உலர்ந்த கரும்பொடியை உலையிலிருந்து சுரண்டி எடுப்பவரிடமும், அதை எடைபோட்டுப் பையில் கட்டுபவரிடமும், மாலையில் தரையைப் பெருக்குபவரிடமும் கேட்பவர் எவர்? அவர் பெறுவது அன்றாடக் கூலி. குணமடைபவர் வேறு எங்கோ, ஒருவேளை வேறு கண்டத்தில் இருக்கிறார். ஒருவரின் நலத்திற்காக இன்னொருவரின் மூச்சைச் சொல்லாமல் செலவிடும் இந்த ஏற்பாட்டில், சந்தேகத்தின் பலன் கேட்கப்படாமல் சுவாசிப்பவருக்கே உரியது என்பதில் நமக்கு ஐயமில்லை. மருத்துவத்தில் பயன்படுவதைவிடப் பன்மடங்கு நானோ குழாய் மின்கலங்களிலும் நெகிழிகளிலும் கலக்கப்படுகிறது. அங்கே உயிர்காக்கும் நோக்கம் என்னும் கவசமும் இல்லை.

இதற்குப் பெரிய தியாகம் ஏதும் வேண்டியதில்லை. பொடியை மூடிய பேழைக்குள்ளேயே கையாளலாம். உலர்த்தாமல் நீர்மத்தில் கலந்த நிலையிலேயே வைத்திருந்தால் பறப்பது பெரிதும் குறையும். நீளமும் விறைப்பும் தேவைப்படாத மருத்துவப் பயனுக்குக் குட்டையான வகையையே தேர்ந்துகொள்ளலாம். காற்றை அளந்து, அளவைத் தொழிலாளிக்கும் காட்டலாம். இவற்றால் விலை சற்று ஏறும். காலம் சற்றுத் தாழும். கல்நாருக்கு நூறாண்டு கழித்துச் செலுத்திய விலையோடு ஒப்பிட்டால் இது அற்பம்.

எளிதல்லாத ஒன்றும் இருக்கிறது. நோய் நாற்பது ஆண்டுக்குப்பின் வருமானால், நாற்பது ஆண்டுக்கு முன் யார் எங்கே எதைச் சுவாசித்தார் என்பதை அன்று எவர் அறிந்திருப்பார்? கல்நார்த் தொழிலாளர் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 1995 சனவரியில் அளித்த தீர்ப்பு இதை எண்ணிப் பார்த்திருக்கிறது. தொழிலாளியின் உடல்நலமும் மருத்துவப் பராமரிப்பும் வாழ்வுரிமையின் பகுதியே என்று கூறிய அத்தீர்ப்பு, ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் அவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தையதோ அதுவரை காத்து வைக்க ஆணையிட்டது. அது கல்நாருக்காகப் பிறந்த ஆணை. நானோ குழாய் ஆலை ஒன்றில் இன்று இருபத்தைந்து வயதில் சேரும் ஒருவருக்கு அப்படியொரு ஏடு திறக்கப்பட்டால், அவர் அறுபத்தைந்து வயதில் இருமும்போது மருத்துவர் அதைப் புரட்டிப் பார்க்கலாம். ஒப்பந்தக்காரர் வழியாக நாட்கூலிக்கு வந்து, மூன்று மாதம் தரை பெருக்கிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்ட பெண்ணின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.